மோட்டார்ல ஷாக் அடிச்சவருக்கு மறுபடியும் ஷாக் வைக்கலாமா?

"கரன்ட் அடிச்சுத்தானே டாக்டர் விழுந்தாரு, நீங்களும் கரன்ட் வைக்கிறேங்கிறீங்களே"ன்னு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துலேருந்து வர்ற சொந்தக்காரங்க காஷுவாலிட்டி வாசல்ல கேப்பாங்க. நியாயமான கேள்விதான்.

வீட்டு லைன் 230 வோல்ட், த்ரீ பேஸ் போர் மோட்டார் 400க்கு மேல, ரெண்டுமே 50 ஹெர்ட்ஸ் ஏசி. நாத்தங்கால் சேத்துல நின்ன வெறுங்காலோட போயி ஈரக்கையால ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டா கை வழியா ஏறி நெஞ்சைக் கடந்து கால்ல இறங்கும், 100 மில்லி ஆம்பியர் ஒண்ணு ரெண்டு செகண்ட் ஓடினாலே இதயத்தோட கீழறை ஒண்ணா சுருங்காம ஒவ்வொரு இழையும் தன் இஷ்டத்துக்குத் துடிக்க ஆரம்பிச்சுடலாம், ரத்தம் மூளைக்குப் போகாது, ஆளு சாஞ்சுடுவாரு.

அந்தத் துடிப்பை நிறுத்த நாங்க நெஞ்சுல வைக்கிறது சில மில்லி செகண்ட்ல முடிஞ்சு போற ஷாக்கு, இப்ப இருக்கிற மெஷின்ல பெரியவங்களுக்குப் பொதுவா 120லேருந்து 200 ஜூல் (ஷாக்கோட சக்தியை அளக்குற அளவு). தாறுமாறா துடிக்கிற செல்லையெல்லாம் ஒரே அடியில நிறுத்தும், அப்புறம் இதயம் தானே தாளத்தைப் பிடிக்கணும். 1899லயே ஜெனீவால ரெண்டு பேரு நாய்ங்ககிட்ட இதப் பாத்துட்டாங்க, மனுஷனுக்கு ஜெயிக்க 1947 ஆச்சு.

அப்ப தசைக்கு சேதமே இல்லையான்னா, இருக்கு. பலமான ஷாக் செல்லோட சவ்வுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடும். பெரும்பாலும் தானா மூடிக்கும், மூடலைன்னா கால்சியம் அளவுக்கு மேல உள்ள பூந்து செல்லு செத்துடும், ட்ரோபோனின்ங்கிற இதயத் தசைப் புரதம் ரத்தத்துல கசியும். அதனாலதான் தேவையில்லாம ஜூலை ஏத்திக்கிட்டே போக மாட்டோம். அப்புறம் மாருல செவப்பா தெரியுதே, அது தோல் காயம், நாலஞ்சு நாள்ல ஆறிடும், அதுக்காக சண்டைக்கு வராதீங்க.

ஹெச்.டி. லைன்ல, அதாவது ஹை டென்ஷன் உயரழுத்தக் கம்பியில பட்டவருக்கும் இதே ஓட்டைதான், ஆனா அங்க ஜூல் அளந்து குடுக்க ஆள் இல்ல, சூட்டுலயும் தசை வெந்துடும். வெளிய உள்ளங்கையில மிளகு சைஸ்ல ஒரு கருப்புப் புள்ளிதான் தெரியும், ஆனா ஈ.சி.ஜி.ல பாத்தா ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கலாம்! அதனால எழுந்து உக்காந்து டீ குடிச்சுட்டாரேன்னு விட்டுடாதீங்க. வீட்டு லைன்ல பட்டு, மயக்கம் வரல, நெஞ்சு வலி, படபடப்பு இல்ல, பழைய இதய நோய் இல்ல, ஈ.சி.ஜி. நார்மல்னா நாங்களே அனுப்பிடுவோம். மயங்கினவரும் ஹெச்.டி.ல பட்டவரும் மானிட்டர்ல இருந்தே ஆகணும்.

ஆள் விழுந்தா மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அறுந்து கிடக்கிறது ஹெச்.டி. கம்பின்னா ஈ.பி.ல லைனை நிறுத்துற வரைக்கும் கிட்டயே போகாதீங்க. மூச்சு இல்லைன்னா கை காலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காம நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு வேகமா அமுக்குங்க, ஒருத்தர் 108க்குப் போன் போடட்டும். எலிக்கும் பன்னிக்கும் வேலியில கரன்ட் விட்டதுல பட்டவர்னா (அது சட்டப்படி குத்தம், இருந்தும் விடுறாங்க) கேஸுக்குப் பயந்து எங்ககிட்ட மறைக்காதீங்க. எவ்வளவு நேரம் ஒட்டிக்கிட்டு இருந்தாரு, எந்தக் கை, அப்புறம் போன யூரின் கருப்பா இருந்துச்சா, இதெல்லாம் வந்ததும் சொல்லிடுங்க. கருப்பா இருந்தா தசை கரைஞ்சு கிட்னிக்குப் போகுதுன்னு அர்த்தம், உடனே டிரிப் ஏத்தணும்.