கூரை திறந்த அரங்கத்தில் ஏசி

சிங்கப்பூர் போய் வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கூரை திறந்து மூடுகிற மைதானத்தில் ஏசி ஓட்டுவது, வாசல் கதவைத் திறந்துபோட்டு வீட்டில் ஏசி ஓட்டுவது மாதிரிதானே?"

சிங்கப்பூரின் காலாங் பகுதியில் 1973இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் ஆடுகளத்துக்கு மேலே கூரையும் இல்லை, ஏசியும் இல்லை. கால்பந்து, ஓட்டப் பந்தயம், தேசிய தின அணிவகுப்பு எல்லாம் வெயிலிலும் மழையிலும்தான். அது 2007இல் மூடப்பட்டு, அதே இடத்தில் 2014இல் இப்போதுள்ள அரங்கம் வந்தது. 55,000 இருக்கைகள், 310 மீட்டர் அகலக் குவிமாடம். ஆட்டத்துக்கு ஏற்ப கீழடுக்கு இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும்.

சரி, ஏசிக்கு வருவோம். குவிமாடத்துக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் குளிர வைக்க அங்கே யாரும் முயல்வதில்லை. இருக்கைகளுக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று மெதுவாகக் கசிகிறது, அவ்வளவுதான். 32 டிகிரிக் காற்றைவிட 23 டிகிரிக் காற்று கன மீட்டருக்குச் சுமார் 35 கிராம் கூடுதல் எடை. அதனால் மேலே போகாமல் காலடியிலேயே தேங்கி, படிப்படியாகக் கீழே வழிகிறது. வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் பாதத்தில் சில்லென்று படுவது இதே காற்றுதான். கடையில் மேல்மூடி வைத்த ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தே வைத்தாலும் குளிர் சட்டென்று வெளியேறாததற்கும் இதுவே காரணம். அரங்கமும் அப்படி ஒரு பெட்டி.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். அரங்கம் நிறைந்தால் 5.5 மெகாவாட்! அந்த வெப்பம் ஒவ்வொருவரையும் ஒட்டியிருக்கும் காற்றைச் சூடாக்கி மேலே தூக்க, அந்த இடத்தை நிரப்பக் காலடிக் குளிர்காற்று தானாக உடம்போடு ஏறுகிறது. ரசிகரே காற்றாடி. சூடான காற்று தலைக்கு மேலே போனபின் அதைப் பற்றி யாருக்கென்ன கவலை?

கூரை தரும் நிழலும் இதற்கு ரொம்ப உதவி. ஆனால் அதே நிழல் புல்லுக்கு ஆகாது. 2014 அக்டோபரில் பிரேசில் ஜப்பானை இங்கே 4-0 என்று வென்றபோது நான்கு கோலையும் நெய்மாரே அடித்தார். அன்று பேச்சானது திட்டுத் திட்டாக மணல் தெரிந்த தரையும்தான். நம் ஊரில் என்றால் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். பூசணிக்காய்க் காசை வேளாண் கல்லூரியில் புல் ஆராய்ச்சி செய்கிறவருக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. காலாங்கில் அப்புறம் புல்தரையையே மாற்றினார்கள். வெயிலுக்குப் பதிலாகப் புல்லுக்கு மேலே விளக்குகளையும் எரிய விட்டார்கள்.