எண்ணெயில் கலப்படமா? பரிசோதித்துப் பார்க்க உங்களுக்கும் உரிமை உண்டு

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே, கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய் அசல்தானா என்ற சந்தேகம் வருகிறது. அதைத் தீர்த்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 40-ஆவது பிரிவைப் பாருங்கள். அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கியவரே கட்டணம் செலுத்தி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். கொங்குப் பகுதியில் கோவையிலும் சேலத்திலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு.

முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. "அண்ணா, இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போறேனுங்க" என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சங்கடமாக இருந்தாலும் சொல்லுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் விதிப்படி இல்லை என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். மேல் நடவடிக்கைக்காக அறிக்கை உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கும் போகும்.

சரி, கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பழைய, உறுதியான முறைகளில் ஒன்று அயோடின் மதிப்பு, அதாவது எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்று காட்டும் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும். பாமாயிலுக்கு 45-க்கு மேல் என்பதால், அதைக் கலந்தால் எண் சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். பாமாயில் தரும் அதே எண்ணெய்ப்பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கோ 10 முதல் 23 வரைதான். கொஞ்சமாகக் கலந்தால் இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிடிப்பது கடினம். ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று வீட்டில் பார்ப்பதும் இங்கே உதவாது, ஏனென்றால் அந்தக் கொட்டை எண்ணெயும் உறையும்.

இப்போது எண்ணெயைச் சிதைக்காமலே பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகிலுள்ள அகச்சிவப்பு ஒளியை எண்ணெய்க்குள் செலுத்துவார்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உள்வாங்குகிறது என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். அந்த வடிவத்தைக் கலப்பில்லாத மாதிரிகளின் வடிவத்தோடு கணினி ஒப்பிடும். ரசாயனம் வேண்டாம், சில நிமிடம் போதும், மாதிரியும் அப்படியே மிஞ்சும். ஆனால் முன்பே மாதிரி காட்டிக் கணினிக்குக் கற்றுக்கொடுக்காத கலப்படத்தைக் கருவி தவறவிடலாம். அதனால் எந்த டின்னைச் சந்தேகிக்கலாம் என்று வடிகட்டத்தான் இது நல்லது. நடவடிக்கைக்குப் பகுப்பாய்வாளரின் அறிக்கையே ஆதாரம். அதிகாரி அனுப்பும் மாதிரிக்கு அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும்.

எல்லாக் கலவையும் குற்றமில்லை. உரிய அனுமதியோடு, லேபிளில் எழுதி, இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்கலாம். எடையில் ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதனால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'விளக்கேற்ற மட்டும்' என்று போட்ட பாட்டில் சமையலறைக்கு வரவே கூடாது.

காசு கட்டிப் பரிசோதிக்க முடியாதவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். லேபிள், பேட்ச் எண், பில் மூன்றையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்; மீதி எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள்.