பழைய வண்டிக்குக் காயில் வாங்கும்போது உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன ஐப்பசி மழையில் குலசேகரத்திலிருந்து ஒரு பையன் அப்பாவின் பழைய புல்லட்டோடு மார்த்தாண்டத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். 12 வோல்ட், பாயிண்ட் வைத்த வண்டி. பேட்டரியின் சிறிய வோல்ட்டைப் பிளக்கில் ஸ்பார்க் அடிக்கும் அளவுக்கு உயர்த்துவது காயில். அந்தக் காயிலில் ஓடும் கரண்டை, இஞ்சின் சுற்றச் சுற்ற மூடித் திறக்கும் சுவிட்ச்தான் பாயிண்ட். ஆற்றூரில் ஒருமுறை நின்றிருக்கிறது. ஆறவைத்து ஓட்டினால் ஊருக்குள் நுழையும்போது மறுபடி நின்றுவிட்டது. கடைசித் தூரம் தள்ளிக்கொண்டே வந்தான்.

“அண்ணே, ரெண்டு மாசத்துல மூணு பாயிண்ட் மாத்தியாச்சு. கன்டன்சரும் புதுசு. சூடானா நின்னுடுது” என்றான்.

“காயில் மாத்தினியா மக்கா?”

“அதுவும் புதுசுதான் அண்ணே. பழசு மாதிரியே பார்த்து வாங்கினேன்.”

சாவியைப் போட்டேன். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும், கரண்டைக் காட்டும் அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்தது. கிக்கரை மெல்ல அழுத்தி பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்தது. இதுவரை சரி. ஆனால் மூன்று, நான்கு ஆம்பியரில் நிற்க வேண்டிய முள் ஏழைத் தொட்டு நின்றது. பாயிண்டைக் கழற்றினால் முகம் நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் முளை. காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு கொதிப்பு.

ஆறியபின் மல்டிமீட்டரை வைத்தேன். 1.8 ஓம் காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 வந்தது, அதைக் கழித்தால் 1.5. அது 6 வோல்ட் காயில். 12 வோல்ட் காயிலும் அதே உருளை, அதே நீளம். மேலே ஒட்டியிருந்த தாள் எப்போதோ போய்விட்டது.

கணக்கு எளிது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். பாயிண்ட் வண்டியில் 12 வோல்ட் காயிலின் பிரைமரி, அதாவது பேட்டரி கரண்டு ஓடும் உள்சுற்று, பொதுவாக 3 முதல் 4.5 ஓம் வரை இருக்கும். அதனால் மூன்று, நான்கு ஆம்பியர்தான் ஓடும், பாயிண்ட் அதைத் தாங்கும். 1.5 ஓம் காயிலை 12 வோல்ட்டில் மாட்டினால் எட்டு ஆம்பியர் வரை இழுக்கும். பாயிண்ட் கருகும், காயில் உள்ளே வேகும். நல்ல ஸ்பார்க் வேண்டும் என்று கார் காயில் மாட்டுகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. சில கார் காயில்கள் கரண்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தனியாகச் சேர்த்து ஓடுவதற்குச் செய்தவை. அது இல்லாமல் மாட்டக் கூடாது.

தலைகீழாகவும் நடக்கும். பழைய 6 வோல்ட் யெஸ்டியில், ராஜ்தூத்தில் 12 வோல்ட் காயிலை மாட்டினால் பாதிக் கரண்டுதான் ஓடும். கிக்கரில் எடுக்காது, இறக்கத்தில் தள்ளினால் எடுக்கும். இரவில் ஹெட்லைட் போட்டதும் மிஸ்ஸிங். கார்புரேட்டரை நாலு தடவை கழற்றிக் கழுவிய பிறகே பலர் காயில் பக்கம் வருகிறார்கள்.

ஆர்எக்ஸ்100 வேறு ஜாதி. அதில் பாயிண்ட் கிடையாது, சிடிஐ என்ற எலக்ட்ரானிக் பெட்டிதான். பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சில நூறு வோல்ட்டைச் சேர்த்து ஒரே அடியாகக் காயிலுக்குள் விடும். அதற்கான காயிலின் பிரைமரி பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. அதைத் தெரியாமல் பாயிண்ட் வண்டியில் மாட்டினால் ஃபியூஸ் போகும், இல்லை பாயிண்ட் போகும். ஆகவே கடையில் கேட்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. 6-ஆ 12-ஆ, பாயிண்டா சிடிஐயா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பல பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ எலக்ட்ரிக்கலை மாற்றியிருப்பார்கள், ஆர்சி புத்தகத்தை நம்பாமல் பேட்டரியையும், இஞ்சினில் கரண்டு உண்டாக்கும் மேக்னெட் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

காயில் வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நாற்பதாயிரம் வோல்ட்டில் மயங்க வேண்டாம். பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு தேவையோ அதுவரைதான் வோல்ட் ஏறும். தாண்டியதும் அங்கேயே நின்றுவிடும்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பார்க் பார்க்கிறேன் என்று பிளக் வயரை இஞ்சினிலிருந்து தூரத்தில் பிடித்து நீள நெருப்பு இழுத்துக் காட்டுகிறார்கள். வெளியே வழி கிடைக்காத வோல்ட் காயிலுக்குள்ளேயே வழி தேடும், உள் காப்பு ஓட்டையாகிவிடும். சிடிஐ பெட்டியும் சேர்ந்து போகலாம். பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடம்பை ஹெட்டில் நன்றாகப் பதித்து வைத்துதான் பார்க்க வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்னொன்று, இஞ்சின் நின்றபின் சாவியை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சும்மாவே சூடேறிக்கொண்டிருக்கும்.

குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் பாதிக் கேஸ் காயிலே இல்லை, உப்புக்காற்றில் துருப்பிடித்த எர்த்துதான், அதாவது கரண்டு வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பும் இணைப்பு. பல சிடிஐ காயில்களுக்கு மாட்டும் போல்ட்தான் எர்த். பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளப்பாக்கி மாட்டுங்கள். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பிளக் மேல் மாட்டும் கேப்பில் ஒரு கீறல் இருந்தாலும் கரண்டு ஈரத்தின் வழியே கசிந்துவிடும். சூடானதும் நிற்கிற வண்டியில் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் ஒருமுறை பாருங்கள். அது அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் நிற்கும்.

அந்தப் பையன் வண்டிக்கு 3.6 ஓம் காயில், புதுப் பாயிண்ட் போட்டேன். முள் மூன்றைத் தாண்டி நின்றது. அரை மணி நேரம் பட்டறையிலேயே ஓடவிட்டு இருவரும் காயிலைத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்பு அவ்வளவுதான். பிறகுதான் போகச் சொன்னேன்.

கழற்றியதை நான் வேறு எந்த 6 வோல்ட் வண்டிக்கும் போடவில்லை. அப்படி வெந்த காயிலை நம்பி ஒருத்தரை மலைப்பாதையில் அனுப்ப முடியாது. மேலே பெயிண்டால் ‘6’ என்று எழுதி, ஒரு 12 வோல்ட் காயிலுக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்திருக்கிறேன். காயில் வாங்கப் போகிறேன் என்று சொல்கிறவர்களிடம் எழுத்து தெரியாதபடி இரண்டையும் திருப்பி வைத்து, எது எது என்று கேட்பேன்.