குழந்தையின் இடுப்பு எலும்பு சும்மா உடையாது

ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை வாசற்படியில் தடுக்கி விழுகிறது. காலை ஊன்ற முடியவில்லை. "கால்சியம் கம்மியா இருக்கும்" என்று சிரப் வாங்கிக் கொடுத்து, நாட்டுக்கட்டும் போட்டு, மூன்று வாரம் கழித்துக் கூட்டி வருகிறார்கள். அதற்குள் எலும்பு விலகிக் கால் குட்டையாகியிருக்கும். இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி?

இந்தக் கால்சியம் கதையை முதலில் முடித்துவிடுவோம். சத்துக்குறைவு என்றால் உடம்பு முழுக்க எலும்பு பலவீனமாகும். ரிக்கெட்ஸ், அதாவது சத்துக்குறைவால் எலும்பு மென்மையாகும் நோய், இருந்தால் மணிக்கட்டு, முழங்கால் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதியில், மட்டும் குழி விழுந்திருந்தால் நோய் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் சாதாரண நீர்க்கட்டி அல்லது ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா (எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு வளரும் நோய்). எத்தனை பாட்டில் சிரப் ஊற்றினாலும் அந்தக் குழி அடைபடாது. கேழ்வரகும் பாலும் தாராளமாகக் கொடுங்கள், சிகிச்சை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"சித்தப்பா பையனுக்குத் தோளில் இதே கட்டி உடைந்து தானாகவே சேர்ந்ததே" என்பார்கள். கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிடலாம். இடுப்பு உடல் எடையைத் தாங்கும் இடம். பந்துக்கிண்ண மூட்டின் பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. விலகினால் பந்து ரத்தமின்றிச் செத்துப்போகலாம். கழுத்துக்கும் தொடை எலும்பின் தண்டுக்கும் இடையிலான கோணம் 120 பாகைக்குக் கீழே சரிந்தால் நொண்டல் நிலைத்துவிடலாம்.

இதற்கு அறுவை சிகிச்சை என்றால், குழியைச் சுரண்டி எடுத்து அங்கே எலும்பை வைத்து நிரப்புவது. சுரண்டும் முன் பயாப்ஸி, அதாவது சிறு துணுக்கு எடுத்துச் சோதனை, பார்த்தாக வேண்டும். காசநோயும் சில நேரம் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயும் நீர்க்கட்டி போலவே முகம் காட்டும்; புற்றுநோயைச் சுரண்டினால் பரப்பிவிடுவோம். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் கியூரெட்டை (சுரண்டும் கருவியை) கையிலெடுக்கும் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சுரண்டிய குழியில் வைக்கும் எலும்பு பெரும்பாலும் பிள்ளையின் சொந்த எலும்புதான். நீர்க்கட்டிக்கு இடுப்பு விளிம்பிலிருந்து எடுக்கும் மென்துண்டுகள் போதும். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் அவற்றை நோய் கரைத்துத் தன்மயமாக்கிவிடும். அங்கே கெண்டைக்கால் பக்கத்துச் சிற்றெலும்பு, அதாவது ஃபிபுலா, தண்டு போல நெடுநாள் நிற்கும். எடுக்கும்போது கணுக்காலுக்கு மேல் குறைந்தது 6 முதல் 8 செ.மீ. விட வேண்டும், இல்லையென்றால் பாதம் வெளிப்பக்கம் சாயும். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வான எலும்புறையை விட்டுவைத்தால் சிறு பிள்ளைகளுக்கு அந்த எலும்பு பல நேரம் மறுபடி வளர்ந்துவிடும்.

கிராஃப்ட், அதாவது இப்படி எடுத்த எலும்பை, வைத்த அன்றே எலும்பு உறுதியாகிவிடாது. புது எலும்பு படிய மாதங்கள் ஆகும். அதுவரை பாரத்தைத் தாங்குவது பிளேட்டும் ஸ்க்ரூவும். சின்னப் பிள்ளையானால் கூடவே இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. முடிந்தவரை ஸ்க்ரூ, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ரேயில் சேர்ந்தது தெரியாமல், "வலியே இல்லையே" என்று நடக்கவிடாதீர்கள். கட்டி திரும்பவும் வரலாம். வளர்ச்சி முடியும்வரை பரிசோதனையை விடாதீர்கள்.

தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவாதீர்கள். இடுப்பு நோய் பல பிள்ளைகளுக்கு முழங்கால் வலியாகத்தான் தொடங்கும். முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் பிள்ளை நொண்டினால், இடுப்பையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.