எண்ணெய் தீர்மானித்த ஓட்டம்: சாப் 96 ராலி கார்

1960, 1961, 1962 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலி என்னும் நெடுந்தூரக் கார்ப் பந்தயத்தையும், 1962, 1963 ஆம் ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியையும் ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் வென்றது, 841 சி.சி. எஞ்சின் கொண்ட சாப் 96 என்னும் சிறிய காரில்தான். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட தொடக்கக்கால 96-இன் திறன் ஏறத்தாழ 38 குதிரைத்திறன். அத்தகைய காரை அவர் ஓட்டிய விதத்தையும், இன்று அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் விதத்தையும் விளங்கிக்கொள்ள, அதன் மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் எண்ணெய் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

அந்த எஞ்சினில் வால்வுகள் இல்லை. மூன்று பிஸ்டன், அவற்றோடு இணைந்த மூன்று கனெக்டிங் ராடு, அவை சுழற்றும் ஒரு கிராங்க் ஷாஃப்ட் என முக்கியமான அசையும் பாகங்கள் ஏழுதான். பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியிலுள்ள கிராங்க் அறை பெட்ரோல் கலவையை உள்ளிழுக்கிறது. கீழே வரும்போது அதையே அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்ததுபோல, பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் பேரிங்குகளையும் பிஸ்டனையும் காக்கிறது. மலைச்சரிவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் குறையும், அதோடு எண்ணெயும் குறையும். ஆனால் சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் ‘ஃப்ரீவீல்’ அமைப்பு வைக்கப்பட்டது: சக்கரங்கள் எஞ்சினை முந்தும்போது இரண்டுக்குமான பிடி தானாக விலக, எஞ்சின் நிதான வேகத்துக்கு இறங்கிவிடும்.

அதற்குக் கொடுத்த விலை, எஞ்சினே வண்டியை இழுத்து நிறுத்தும் வசதி இல்லாமல் போனது. மேலும், சுழற்சி குறைந்தால் இந்தச் சிறிய எஞ்சினில் இழுவை இருக்காது. ஆகவே கார்ல்சன் வலது காலை ஆக்சிலரேட்டரிலேயே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பிடித்தார். எஞ்சின் விசை முன்சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால் பிரேக்கின் பிடி பின்சக்கரங்களில் கூடுதலாகத் தெரியும். வளைவில் வால்பகுதி வெளியே வழுக்க, வண்டியின் மூக்கு உள்பக்கம் திரும்பும். பனி மூடிய சாலையில் இது எவ்வளவு அழகான தீர்வு!

இப்படியொரு காரை மீட்டெடுப்பவர்கள் பெயின்டுக்கும் துருப்பிடித்த தகடுகளுக்கும் காட்டும் அக்கறையைக் கிராங்க் அறைக்கே முதலில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் கிராங்க் அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். ஓரத்து சீல் (காற்றை அடைக்கும் வளையம்) தேய்ந்தால் வெளிக்காற்று நுழைந்து கலவை நீர்த்துப்போகும், வெப்பம் ஏறும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ‘சீஸ்’ ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். நெடுங்காலம் ஓடாமல் நின்ற எஞ்சினில் பெட்ரோல் ஆவியாகி, எண்ணெய் பிசுபிசுப்பாகி, ஈரம் பட்ட ரோலர் பேரிங்கில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகள் விழுந்திருக்கும். கையால் சுற்றிப் பார்த்தால் மணல் அரைவதுபோல் மெல்லிய நெருடல் விரலுக்குத் தெரியும். அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்க் ஷாஃப்டை அப்போது பிரித்து, பேரிங் மாற்றி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கோணல்கூட இல்லாமல் மறுபடி நேராக்கியாக வேண்டும்.