ஹோட்டல்: மாளிகையாக இருந்த சொல்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள நகராட்சிக் கட்டடத்தை ஊரார் ‘மேரி கட்டடம்’ என்பார்கள். நகராட்சியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் தமிழ் வாயில் ‘மேரி’ ஆயிற்று. அதற்குப் பிரெஞ்சில் இன்னொரு பெயரும் உண்டு: ‘ஒத்தேல் த வீல்’. 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்து, பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் எந்தக் காலத்திலும் பயணிகள் அறை எடுத்துத் தங்கியதில்லை. இருந்தும் அதன் பெயரில் ‘ஹோட்டல்’ இருக்கிறது; ‘ஒத்தேல்’ என்பது அதே சொல்லின் பிரெஞ்சு ஒலிப்புதான்.

இலத்தீனில் ‘ஓஸ்பெஸ்’ என்ற சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். அதன் வழியே வந்த பழைய பிரெஞ்சுச் சொல் ‘ஒஸ்தெல்’. நாளடைவில் நடுவிலிருந்த ‘ஸ்’ ஒலி தேய்ந்து மறைந்தது. பிரெஞ்சு எழுத்தில் ‘ஓ’வின் தலைமேல் இடப்படும் சிறு கூரைக்குறி அந்த மறைந்த ஒலியின் தடமாகும். மாணவர் தங்கும் ‘ஹாஸ்டல்’, நோயாளர் தங்கும் ‘ஹாஸ்பிடல்’ ஆகியவையும் இதே குடும்பத்துப் பிள்ளைகளே. பிரெஞ்சில் ‘ஒத்தேல்’ செல்வரின் நகர மாளிகையையும் பொது அலுவலகத்தையும்கூடக் குறித்தது. கட்டணம் செலுத்தித் தங்கும் இடம் என்ற பொருளோடு 18ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் நிலைபெற்று, பின்னர் நம்மிடம் வந்து சேர்ந்தது.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியில், ரோமன் ரோலண்ட் தெருவில் உள்ள ‘ஒத்தேல் த லோரியான்’ என்ற கட்டடத்தில் இந்தப் பொருள்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறியிருக்கின்றன. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபின், 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. இன்று அப்பகுதியில் நாம் பார்க்கும் பழைய வீடுகள் அதற்குப் பிந்தையவை. அவற்றில் ஒன்றான இது முதலில் மாளிகையாகவும், பின்னர் பிரெஞ்சு ஆட்சியின் கல்வித் துறை அலுவலகமாகவும் இருந்து, பழைய மாளிகைகளை விடுதிகளாக்கும் நீம்ராணா நிறுவனம் புதுப்பித்தபின் விடுதியானது. தெருவிலிருந்து பார்த்தால் உயர்ந்த சுவரும் பெரிய வாயிற்கதவும்தான் தெரியும். உள்ளே நுழைந்த பிறகுதான் முற்றமும் அதைச் சுற்றிய தூண்வரிசையும் கண்ணில் படும். பாரிஸ் நகரத்துப் பழைய ‘ஒத்தேல்’களும் முற்றத்தை இப்படித்தான் வாயிலுக்குப் பின்னே மறைத்து வைத்திருக்கும். பயணி ஒருவர் வந்து தங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வீடு, பிரெஞ்சுப் பொருளில், ‘ஒத்தேல்’ ஆகத்தான் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தமிழில் இச்சொல் வேறு வழியில் சென்றது. “ஓட்டலில் சாப்பிட்டேன்” என்போம்; தங்குவதற்கு ‘லாட்ஜ்’ தேடுவோம். எனவே ஒரே தமிழ்ச் சொல்லால் எல்லா இடங்களிலும் இதைப் பெயர்க்க முடியாது. உண்ணும் இடம் ‘உணவகம்’. தங்கும் இடம் ‘விடுதி’. பழைய மாளிகையைச் சீர்செய்து நடத்தும் விடுதியை ‘நட்சத்திர உணவகம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது பிழை, ஏனெனில் அங்கே முதன்மையானது அறை. ‘மரபு விடுதி’ என்பதே பொருந்தும்.

‘விடுதி’ இரவல் சொல் அன்று. ‘விடு’ என்ற வேரிலிருந்து வந்தது, ‘வீடு’ம் அதன் உடன்பிறப்பு, படை தங்கிய இடம் ‘படைவீடு’. மாணவர் விடுதி, பயணியர் விடுதி என இரண்டிற்கும் அது பொருந்துவதால், ஐரோப்பிய மொழிகளில் ‘ஹாஸ்டல்’, ‘ஹோட்டல்’ எனப் பிரிந்துபோன இரட்டையர் தமிழில் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். நம் ‘சாவடி’யும் இப்படிப் பல பொருள் சுமந்த சொல்லே: வழிப்போக்கர் தங்கிய சாவடி உண்டு; பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வழக்குத் தீர்த்த நீதிமன்றத்திற்கும் சாவடி என்றே பெயர்.

‘ஒத்தேல் த வீல்’ என்பதற்குத் தமிழ்ப் பெயர் காணவும் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சியின் கட்டடத்தை ‘ரிப்பன் மாளிகை’ என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்த வழக்கின்படி இதனை ‘நகர மாளிகை’ எனலாம்.