இரண்டு தடவை எழுதினால் மார்க்கைக் குறைப்பார்களா?

போன ஜூனில், நீட் முடிவு வந்த வாரம், கோத்தகிரிப் பக்கத்து சிறு தேயிலை விவசாயி ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு குன்னூரில் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் இரண்டு வருடத்து நீட் மதிப்பெண் அட்டைகள், இரண்டும் லேமினேட் செய்தவை. உட்காரும் முன்பே கேட்டுவிட்டார்: "சார், பாப்பா ரெண்டு தடவை எழுதிட்டா. மூணாவது தடவை எழுதுனா காலேஜ்ல மார்க்கைக் குறைச்சுத்தான் எடுத்துக்குவாங்களாமே?"

யார் சொன்னது என்று கேட்டேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒருத்தர் சொன்னாராம்.

பதினைந்து வருடமாக இந்த மலையில் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லி வருகிறேன். வருடா வருடம் ஜூனில் இந்தக் கேள்வி வரும். நேரடியான பதில்: நீட்டில் எத்தனையாவது தடவை என்று யாரும் பார்ப்பதில்லை. தரவரிசை அந்த வருடத்து மார்க்கை வைத்து மட்டும்தான். இரண்டு பேர் சமமாக எடுத்தால் பாடவாரி மார்க், தவறான விடைகளின் விகிதம் என்று போவார்கள். பழைய வருடத்துக் கணக்கு அதில் எங்குமே வராது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். மேல் வயது வரம்பும் 2022-இல் போய்விட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் மறுபடி எழுதுகிறவர்களுக்கு உண்டு. அந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். ஒரு வருடம் கல்லூரி சேராமல் டிராப் போட்டால் கோட்டா போய்விடும் என்று பயந்துபோய் இருந்தாள்.

கல்லூரி எதையும் கழிக்காது என்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பள்ளி முடித்த கையோடு எழுதும் பிள்ளையும், ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு வரும் ரிப்பீட்டரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் ரிப்பீட்டர்களின் பங்கு கூடிக்கொண்டே போனதை நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கை எடுத்துக் காட்டியது. விதி ஒன்றுதான், ஆனால் அந்த ஒரு வருடத்துக்கான செலவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கோயம்புத்தூர்க்காரப் பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டு கோச்சிங் போய் வரும். கோத்தகிரிப் பிள்ளைக்கு ஹாஸ்டல், மெஸ், மாதம் ஒரு தடவை மலையேறி வரும் பஸ் காசு. பசுந்தேயிலை விலை சரிந்த வருடத்தில் இதெல்லாம் வேறு கணக்கு. அப்புறம் தேர்வு நாள். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு, ஊட்டியில் சீசன் உச்சத்தில் இருக்கும். மலைக்குக் கீழே தேர்வு மையம் கிடைத்துவிட்டால், மேட்டுப்பாளையம் சாலையை ஒருவழிப் பாதையாக மாற்றியிருக்கும் நாளில் குன்னூர்க்காரர் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க வேண்டும். முதல் நாளே இறங்கித் தங்கிவிடச் சொல்வேன்.

ஐஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ கதை வேறு. மெயின் தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஏப்ரலிலும். இரண்டில் கூடுதலான ஸ்கோரைத்தான் தரவரிசைக்கு எடுப்பார்கள். அதனால் ஜனவரியில் சொதப்பினால் நஷ்டம் இல்லை. ஆனால் ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு அப்படியில்லை. அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் அதிகபட்சம் இரண்டு தடவை. அதோடு, ஐஐடியில் ஒரு இடம் வாங்கிச் சேர்ந்துவிட்டால் நல்ல பிரிவு கிடைக்கட்டும் என்று மறுபடி எழுத முடியாது.

இதில் நானே ஒரு தடவை சறுக்கினேன். 2024 நவம்பர் 5-ஆம் தேதி, இனி மூன்று தடவை எழுதலாம் என்று அறிவிப்பு வந்தது. அருவங்காட்டுப் பையன் ஒருவன் 2023-இலும் 2024-இலும் எழுதிவிட்டு வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு, "இன்னொரு வாய்ப்பு இருக்குப்பா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். நவம்பர் 18-ஆம் தேதி அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நல்லவேளை, அவன் கல்லூரியை விடவில்லை. இடைப்பட்ட அந்த நாட்களில் படிப்பை விட்டவர்களுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் அவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதிலிருந்து, அந்த வருடத்துத் தகவல் கையேடு கைக்கு வராமல் யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பது அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வு பற்றி. அங்கே கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் மாறும். எந்த நாள் எழுதிய மதிப்பெண்ணை அனுப்புவது என்று மாணவரே பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் ஜார்ஜ்டவுன் போன்ற சில இடங்கள் எழுதிய அத்தனையையும் அனுப்பச் சொல்லும். எம்ஐடி மாதிரி பல இடங்கள் 'சூப்பர்ஸ்கோர்' பார்க்கும். அதாவது முதல் தடவை ஆங்கிலத்தில் 620, கணக்கில் 720. இரண்டாவது தடவை ஆங்கிலத்தில் 680, கணக்கில் 690. மொத்தம் 1340, 1370. சூப்பர்ஸ்கோர் பார்க்கும் கல்லூரி 680-ஐயும் 720-ஐயும் சேர்த்து 1400 என்று எடுத்துக்கொள்ளும். ஜேஇஇ மெயினில் இந்த வித்தை செல்லாது, அங்கே ஒரு தேர்வை முழுசாகத்தான் எடுப்பார்கள். என் அனுபவத்தில் மூன்றாவது தடவைக்கு மேல் எஸ்ஏடி மார்க் பெரிதாக நகர்வதில்லை. அந்தக் காசுக்கும் சனிக்கிழமைக்கும் வேறு வேலை பார்க்கலாம்.

பொறியியலுக்குத் தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு என்றால் இந்தத் தலைவலியே இல்லை. 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான்.

அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நீ என்னம்மா நினைக்கிற?" என்றேன். அதுவரை அப்பாதான் பேசிக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே ஊட்டியில் பி.எஸ்சி. சேர்ந்துகொண்டு ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு அட்டையிலும் இயற்பியல்தான் காலை வாரியிருந்தது. அதை அவளே விரலால் தொட்டுக் காட்டினாள். சரி, இயற்பியலுக்கு மட்டும் ஒரு வாத்தியார் பிடிக்கலாம் என்று பேசி முடித்தோம்.

கிளம்பும்போது அப்பா பழைய அட்டையை எடுத்துக் காட்டி, "அப்ப இதைத் தூக்கிப் போட்டுடலாங்களா?" என்றார். இந்தியாவில் அது அந்த ஒரு வருடத்துக்குத்தான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போவதானால் முடிவு வந்த நாளிலிருந்து மூன்று வருடம் செல்லும். அதைச் சொன்னேன். "வெளிநாடெல்லாம் எங்க சார்" என்று சிரித்தபடி அதைத் திரும்பவும் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.